அலாரம் 'ஆஃப்' ஆனால்...

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலை. பெயர் வேண்டாம். உள்ளே நுழைந்ததும் சுவரில் சிவப்புப் பலகை. 'இஃப் தி அலாரம் கோஸ் ஆஃப், லீவ் தி பில்டிங்.' ஆங்கிலத்தில் மட்டும்.

பக்கத்தில் நின்ற ஒப்பந்தத் தொழிலாளியிடம் கேட்டேன், ''இதுக்கு என்னங்க அர்த்தம்?''

பத்தாவது படித்தவர். எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, ''அலாரம் ஆஃப் ஆனா வெளியே போகணும் சார்'' என்றார்.

''ஆஃப் ஆனான்னா?''

''சத்தம் நின்னுட்டா சார்.''

கூட வந்த அதிகாரி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்களுக்கு வருகிறதா?

அவர் சொன்னதில் என்ன தப்பு? லைட் ஆஃப் என்றால் அணைந்தது. மோட்டார் ஆஃப் என்றால் நின்றது. அலாரம் மட்டும் ஆஃப் ஆனால் அலறுமாம்! ஆங்கிலத்தில் அதே 'கோஸ் ஆஃப்', வெடிகுண்டுக்கு வெடிப்பது, பாலுக்குக் கெட்டுப்போவது. குழப்பம் அந்த மனிதரின் தலையில் இல்லை. பலகையில் இருக்கிறது.

இன்னொன்று கேளுங்கள். ஃபிட்டர் வால்வை 'க்ளோஸ்' பண்ணினால் ஓட்டம் நிற்கும். எலெக்ட்ரீஷியன் சர்க்யூட்டை 'க்ளோஸ்' பண்ணினால் கரன்ட் பாயும். ஒரே ஷெட், ஒரே ஷிஃப்ட், ஒரே சொல்!

சிப்காட்டை ஒட்டிய கொல்கத்தா நெடுஞ்சாலையில் போகும் டேங்கர் லாரிகளைப் பாருங்கள். 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருக்கும். 'கம்ப்ளீட்'டுக்கு எதிர்ப்பதம் 'இன்கம்ப்ளீட்' என்றுதானே நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்? அந்தக் கணக்கில் இது எரியாத சரக்கு! இதே விபரீதத்துக்குப் பயந்துதான் அமெரிக்கத் தீப்பாதுகாப்பு அமைப்பினர் 1920-களிலேயே 'இன்' வேண்டாம், 'ஃப்ளேமபிள்' போதும் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். இங்கிலீஷ்காரர்கள் ஊரிலேயே இந்தக் கதி.

''தொழிலாளிக்கு இங்கிலீஷ் பத்தாது சார்'' என்பார்கள். நான் பி.காம். படித்தவன். முதல் வருஷம் 'அவுட்ஸ்டாண்டிங் எக்ஸ்பென்சஸ்' என்றால் ஏதோ பிரமாதமான செலவு என்றுதான் நினைத்தேன். கொடுக்க வேண்டிய பாக்கி என்று பிறகுதான் தெரிந்தது. எனக்கு மார்க் போனது. ஃபர்னஸ் பக்கத்தில் நிற்பவருக்குப் போவது உயிர்.

சரி, இங்கிலீஷ் 'பத்தும்' ஆட்கள் கதை என்ன? 1977 மார்ச் 27. ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனரீஃப் தீவின் விமான நிலையம், மூடுபனி. கே.எல்.எம். விமானி, 'இப்போது டேக்-ஆஃபில் இருக்கிறோம்' என்று ஆங்கிலத்தில் சொன்னார். விமானம் ஓடத் தொடங்கியிருந்தது. கட்டுப்பாட்டு அறையோ, கிளம்பத் தயாராக நிற்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டது. ஓடுபாதையில் எதிரே பான் ஆம் விமானம். மோதலில் 583 பேர் செத்தார்கள். வேறு காரணங்களும் உண்டு. ஆனால் அதற்குப் பிறகு, பறக்க அனுமதி தரும்போதும் ரத்து செய்யும்போதும் தவிர 'டேக்-ஆஃப்' என்ற சொல்லையே உச்சரிக்கக் கூடாது என்று விதி வந்தது. 'விமானிக்கு இங்கிலீஷ் பத்தாது' என்று கைகழுவவில்லை. சொல்லை மாற்றினார்கள்.

நம் ஊரில் விதி இல்லாமலா போயிற்று? சட்டப்படி வைக்கிற அறிவிப்புகள் ஆங்கிலத்தோடு, பெரும்பான்மைத் தொழிலாளர்களுக்குப் புரிகிற மொழியிலும் இருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே 108-வது பிரிவில் சொன்னது. இன்று சிப்காட்டில் பீகார்க்காரரும் ஒடிசாக்காரரும் வேலை செய்கிறார்கள். அவர்கள் மொழியிலும் எழுதுங்களேன். பெயின்ட் என்ன தங்கத்திலா கரைக்கிறீர்கள்?

''அபாயச் சங்கு ஊதினால் உடனே வெளியேறுங்கள்.'' அவ்வளவுதான், ஐந்தே சொல். அடுத்த முறை ஒரு தொழிற்சாலைக்குள் போனால் நீங்களும் அந்தப் பலகைக்குக் கீழே நிற்பவரிடம் அர்த்தம் கேட்டுப் பாருங்கள். முழிக்கிறாரா? அவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். நேராக மேனேஜர் அறைக்குப் போய்ச் சொல்லுங்கள்.

இல்லாவிட்டால் ஒருநாள் வேறு சங்கு ஊத வேண்டிவரும்.