மழையும் வெந்நீரும்

சென்ற வாரம் நமது நண்பர் ஒருவருடைய குமாரன் நம்மைக் காண வந்தான். நியூஜிலாந்து தேசம் போகிறானாம். முதுகிலே ஒரு மூட்டை. பையிலே சொற்பப் பணம். "ரோட்டோருவாவில் எதற்குப் பணம் கொடுப்பது, எதற்குக் கொடுக்காமல் தப்புவது?" என்று கேட்டான். சிக்கனம் நல்ல குணந்தான். அதற்கும் ஓர் எல்லை உண்டு. அவனுக்குச் சொன்னதையே நேயர்களுக்கும் சொல்லுகிறோம்.

ஆக்லாந்துக்குத் தென்கிழக்கே சுமார் 230 கிலோமீட்டரில், ஓர் ஏரிக்கரையில் உள்ளது ரோட்டோருவா. ஊரை நெருங்கும்போதே கந்தக வாடை வந்து வரவேற்கும். சற்று நேரத்தில் மூக்கு பழகிவிடும். வெள்ளி நகைதான் பழகாது, கறுத்துப்போகும். வருஷத்தில் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிற இடம். ஆகையால் நல்ல மழைச் சட்டை ஒன்று அவசியம். மழைக்காக வருந்த வேண்டியதில்லை. குளிர்ந்த ஈரக் காற்றிலேதான் பூமியின் ஆவி வெண்புகையாகத் திரண்டு எழும். வெயில் நாளில் அந்தக் காட்சி பாதியும் இராது.

காசில்லாமல் காணக்கூடியவை பல. குயிராவ் பூங்காவில் கொதிக்கும் சேற்றுக் குளங்களைப் பார்த்துவிட்டு, கால் நனைக்கும் வெந்நீர்த் தொட்டியில் இலவசமாக அமரலாம். 1901 முதல் நடப்பட்ட கலிபோர்னியச் செம்மரக் காட்டில் நடந்து திரியவும் கட்டணம் இல்லை. ஆனால் வேலியைத் தாண்டலாகாது. மேல்மண் மெல்லியது, கீழே கொதிநீர். இயற்கை வெந்நீரில் குளிப்பவர்கள் தலையை முழுக்கலாகாது. மூளையைத் தாக்கும் கிருமி மூக்கின் வழியே புகக்கூடும்.

இனி, காசு கொடுக்க வேண்டிய இடம். வாக்கரேவரேவா என்னும் கிராமத்தில் மாவோரி மக்கள் இன்றும் குடியிருக்கிறார்கள். பூமியின் ஆவியே அவர்களுக்கு அடுப்பு. ஊற்று நீரே ஸ்நானத்துக்கு வெந்நீர். இவர்களில் தூஹௌரங்கி வகுப்பாரின் முன்னோர் தாராவேரா மலையருகே வாழ்ந்தவர்கள். இளஞ்சிவப்பும் வெண்மையுமான படிக்கட்டுப் பாறைகளைக் காண உலகெங்குமிருந்து வந்த யாத்திரிகர்களுக்கு அவர்களே வழிகாட்டிகள், அவர்களே படகோட்டிகள். 1886 ஜூன் 10-ஆம் தேதி இரவில் மலை வெடித்தது. சுமார் 120 பேர் மாண்டார்கள்; பாறைகளும் மறைந்தன. தப்பியவர்களில் பலருக்கு அடைக்கலம் கொடுத்த இடமே இந்த வாக்கரேவரேவா. அவர்கள் கேட்கும் நுழைவுக் கட்டணத்தை மிச்சப்படுத்துவது சிக்கனம் ஆகாது.

இன்னொரு விஷயமும் உண்டு. ஊரில் வீடுகளும் ஹோட்டல்களும் ஆளுக்கொரு துளையிட்டு வெந்நீரை எடுத்துக்கொண்டே இருந்தன. தமக்குக் கிடைப்பது கொஞ்சந்தானே என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். பூமிக்குள் அழுத்தம் குறைந்தது. ஊற்றுக்கள் ஒவ்வொன்றாய்ச் சோர்ந்தன. பாப்பாகுரா என்னும் ஊற்று 1979-இல் அடங்கியே போயிற்று. 1986-இல் சர்க்கார் விழித்துக்கொண்டு, 30 மீட்டர் உயரம்வரை பீறிடும் போஹுட்டு ஊற்றிலிருந்து 1.5 கிலோமீட்டருக்குள் இருந்த துளைகளையெல்லாம் மூட உத்தரவிட்டது. முணுமுணுப்பு இல்லாமலில்லை. ஆனால் பூமியின் பலம் மெல்லத் திரும்பியது. 2015-இல் பாப்பாகுராவும் மறுபடி பொங்கிற்று.

பொதுச் சொத்தை ஆளுக்குக் கொஞ்சமாக எடுத்தே வற்றடிக்கலாம்; ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தே மீட்கவும் செய்யலாம். கிணற்றுக்குப் பக்கத்தில் கிணறு வெட்டும் நமக்கு இதை விரித்துரைக்க வேண்டுமா?

பையன் பொறுமையாகக் கேட்டான். பிறகு தன் செலவுக் கணக்குப் புத்தகத்தை எடுத்து, முதல் வரியில் "கிராமக் கட்டணம்" என்று எழுதிக்கொண்டான். இரண்டாவது வரி மழைச் சட்டை. வரிசை சரியே என்று நாமும் ஒப்புக்கொண்டோம்.