சும்மா கிடக்கிற நிலம்

"ஒரு மரத்தை வெட்டினால் பத்து மரம் நடுகிறோமே, அப்புறம் என்ன?" கும்மிடிப்பூண்டிப் பக்கம் எந்தத் தொழிற்பேட்டையைப் பற்றிப் பேசினாலும் இந்தக் கேள்வி வந்துவிடும். கேட்பவர் அதிகாரியாக இருக்கலாம், கம்பெனி ஆளாக இருக்கலாம், சனிக்கிழமை டி-ஷர்ட் மாட்டிக்கொண்டு மரக்கன்று நடப் போகும் என் ஐடி நண்பனாகவும் இருக்கலாம். மூவருக்கும் காடு என்பது மரங்களின் எண்ணிக்கை. இந்தக் கணக்கு வெறும் தப்பு மட்டுமில்லை. காடு தானாகத் திரும்பி வருகிற வழியையே அடைத்துவிடுகிற கணக்கு.

தேர்வாய் கண்டிகையை எடுத்துக்கொள்வோம். கும்மிடிப்பூண்டி வட்டத்தில் தலித் மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர். 2007இல் அங்கே 1,127 ஏக்கர் சிப்காட்டுக்குப் போனது. 2009இல் மிஷ்லின் டயர் நிறுவனம் அரசோடு ஒப்பந்தம் போட்டது. அரசுக் கணக்கில் அந்த இடம் மேய்ச்சல் நிலம். ஊர்க்காரர்களுக்கு அது காடு. ஆடு மாடு, விறகு, மூலிகை, ஏரிக்கு இறங்கும் தண்ணீர் எல்லாம் அங்கிருந்துதான். அவர்கள் போராடினார்கள். 2012இல் விவகாரம் பிரான்சில் உள்ள ஓஇசிடி தொடர்பு அலுவலகம்வரை புகாராகப் போனது. இத்தனை சண்டைக்கும் அடியில் கிடந்தது ஒரு வார்த்தைப் பிரச்சினை. புதர் மண்டிய, முள் நிறைந்த, ஆள் உயரம் தாண்டாத ஒரு நிலத்தை என்னவென்று எழுதுவது? நம் கோப்புகளில் அதற்கு 'புறம்போக்கு', 'தரிசு' என்றுதான் பெயர் இருக்கிறது. 'வளர்ந்துகொண்டிருக்கிறது' என்று எழுத அங்கே கட்டமே கிடையாது.

பிளஸ் டூ தாவரவியலில் 'இரண்டாம்நிலை வழிமுறை வளர்ச்சி' என்று நாலு மார்க்குக்குப் படித்தோமே, அதுதான் இங்கே நடப்பது. இந்தக் கடற்கரைச் சமவெளியில் உழவு நின்ற ஒரு மேட்டு நிலத்தைப் பாருங்கள். முதலில் அருகு, கோரை, நெருஞ்சி. கூடவே கொழுஞ்சி, அது வேர் முடிச்சுகளில் இருக்கும் பாக்டீரியாவை வைத்துக் காற்றின் நைட்ரஜனை மண்ணுக்கு இறக்குகிறது. பிறகு ஆவாரை, விராலி. அப்புறம் முள் கூட்டம்: சூரை, காரை, களா. இந்த முட்களைத்தான் எல்லோரும் முதலில் வெட்டச் சொல்கிறார்கள். ஆனால் வேலை நடப்பதே அங்கேதான். சூரைப் பழத்துக்கும் களாப் பழத்துக்கும் கொண்டைக்குருவி வருகிறது, மைனா வருகிறது, ராத்திரியில் மரநாய் வருகிறது. அவை வேறெங்கோ தின்ற பழங்களின் விதைகளைப் புதருக்கடியில் போட்டுவிட்டுப் போகின்றன. அந்த விதை முளைத்தால் ஆடு வாய் வைக்க முடியாது, முள் காவல் இருக்கிறது. நிழல் இருக்கிறது, இலைமக்கு இருக்கிறது, மண்ணில் வேரோடு கொடுக்கல் வாங்கல் நடத்தும் மைக்கோரைசா பூஞ்சை இருக்கிறது. வீரையும் காசானும் பாலையும் இப்படித்தான் தலைகாட்டுகின்றன. வெட்டுப்பட்ட பழைய காடாக இருந்தால் விதைக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம். இந்த உலர் பசுமைமாறாக் காட்டு மரங்கள் பலவும் அடிக்கட்டையிலிருந்தே துளிர்க்கக்கூடியவை.

ஃபிராங்க் எக்லர் என்ற அமெரிக்கச் சூழலியலாளர் 1954லேயே இதைச் சொன்னார்: கைவிட்ட நிலத்தில் பின்னால் வரப்போகும் செடிகளில் பெரும்பகுதி, விதையாகவோ வேராகவோ முதல் நாளே மண்ணுக்குள் இருக்கிறது. என் தொழில் பாஷையில் சொன்னால், ஃபைலை டெலீட் செய்தாலும் டேட்டா டிஸ்கில்தான் கிடக்கிறது, மீட்டுவிடலாம். மேலே வேறெதையாவது எழுதிவிட்டால்தான் போச்சு. ஜேசிபி மேல்மண்ணை வழித்து, சவுடு கொட்டி, ரோலர் ஓட்டுவது அந்த வேலை. அதற்குப் பிறகு அங்கே நடப்பது மீட்சி இல்லை, பாறையிலிருந்து ஆரம்பிப்பதற்குப் பக்கத்தில் வரும் வேலை. அந்த மண்மேல் பத்தென்ன, நூறு கன்று நட்டாலும் லாரித் தண்ணீர் நிற்கும் வரைதான்.

2021இல் 'சயின்ஸ்' இதழில் லூரன்ஸ் போர்ட்டர் குழு வெளியிட்ட ஆய்வு, அமெரிக்கக் கண்டங்களிலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் 77 வெப்பமண்டலக் காட்டுப் பகுதிகளை ஒப்பிட்டது. கைவிட்ட நிலத்தில் மண் பத்து வருஷத்துக்குள் தேறிவிடுகிறது. பழைய இனங்கள் எல்லாம் திரும்ப 120 வருஷத்துக்கு மேல் ஆகிறது. அங்கே நிலத்தை அளவாகத்தான் பயன்படுத்தியிருந்தார்கள், பக்கத்தில் விதை கொடுக்கக் காடும் இருந்தது என்பதைச் சேர்த்தே படிக்க வேண்டும். நமக்கு விதைக்காடு இல்லையா என்ன? பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டாவில், இந்த வகைக் காட்டின் மிகப் பெரிய மிச்சங்களில் ஒன்று நிற்கிறது. ராக்கெட்டுக்காகப் போட்ட வேலி அதைக் காப்பாற்றியது. 

"சும்மா விட்டால் சீமைக்கருவேலம்தானே வரும்?" நியாயமான கேள்வி, ஒதுக்கிவிட முடியாது. வரும். ஆனால் எங்கே அதிகம் வருகிறது என்று பாருங்கள்: தோண்டிப்போட்ட ஏரிக்கரை, சவுடு எடுத்த பள்ளம், ரோட்டோரம். நெற்றைத் தின்ற ஆடு மாடுகள் விதையை வழியெல்லாம் போட்டுவிட்டுப் போகின்றன. பிடுங்குகிறேன் என்று மொத்த நிலத்தையும் ஜேசிபியால் புரட்டினால், புதைந்திருந்த விதைக்கு வெயில் காட்டி, கூட வளர்ந்த காரையையும் களாவையும் சேர்த்து அழித்ததாகத்தான் முடியும். கருவேலத்தை எடுக்க வேண்டும், கையால், தூரோடு, கொஞ்சம் கொஞ்சமாக, நடுவில் முளைத்திருக்கும் நாட்டுச் செடிகளை விட்டுவிட்டு. நாலைந்து வருஷ வேலை. ஒரே நாளில் ரிப்பன் வெட்டி முடிகிற காரியம் இல்லை.

2022இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தின் இலக்கு 33 சதவீதப் பசுமைப் பரப்பு. தொழிற்சாலைகளுக்கான சுற்றுச்சூழல் அனுமதியிலும் 33 சதவீதப் பசுமை வளையம் வழக்கமான நிபந்தனையாக இருந்தது. காம்பவுண்ட் ஓரமாக வரிசை பிடித்து நிற்கும் மரங்களும் அதில் கணக்கு. களாப் புதர் மட்டும் 'சுத்தம் செய்ய வேண்டிய இடம்'!

புதிதாக நிலம் எடுக்கும் ஒவ்வொரு சிப்காட்டிடமும் கேட்க வேண்டியவை இவை. பசுமை வளையத்தில் பாதியையாவது ஜேசிபி தொடாமல் வேலி போட்டு விடுங்கள். கட்டடம் வரும் இடத்தின் மேல்மண்ணை சவுடு விலைக்கு விற்காமல் தனியே குவித்து, அடுத்த மழைக்கு முன் அங்கேயே பரப்புங்கள். எத்தனை கன்று நட்டீர்கள் என்ற அறிக்கையோடு, நடாமல் எத்தனை வகை முளைத்தது என்ற அறிக்கையும் கொடுங்கள். அந்தச் செடிகளுக்குப் பெயர் சொல்ல ஊரில் மாடு மேய்க்கும் பெரியவர்களைக் கூப்பிடுங்கள், தினக்கூலி கொடுத்து.