பெண்களின் பந்தயத்துக்கும் மூன்று வாரம் வேண்டும்

ஆல்ப்ஸ் மலையில் உள்ள ஆல்ப் தூயஸ் ஏற்றத்தில் 2024 ஆகஸ்ட் 18 அன்று பெண்களுக்கான டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் முடிந்தது. போலந்தின் காசியா நியேவியாடோமா பட்டம் வென்றார். இரண்டாவதாக வந்த நெதர்லாந்தின் டெமி வொலரிங்கைவிட அவர் முந்தியது வெறும் 4 விநாடி. ஆண்கள் பந்தயத்தின் நூற்றாண்டு கடந்த வரலாற்றில்கூட இவ்வளவு நெருக்கமான முடிவு வந்ததில்லை. 1989இல் கிரெக் லெமாண்ட், லோரான் ஃபினியோனை 8 விநாடியில் வென்றதுதான் அங்கே மிகக் குறைந்த வித்தியாசம்.

ஆனால், ஆண்களுக்கு மூன்று வாரத்தில் 21 கட்டங்கள். அந்த ஆண்டு பெண்களுக்குக் கிடைத்தவை எட்டே கட்டங்கள். 2025இல் அது ஒன்பது ஆனது. இந்த இடைவெளியை மரபு என்று சொல்லி நியாயப்படுத்த முடியாது.

டூர் டி பிரான்ஸின் மரபே மாறிக்கொண்டு வந்ததுதான். ‘லோட்டோ’ பத்திரிகையின் விற்பனையைக் கூட்டுவதற்காக ஆன்றி டெக்ராஞ்ச் 1903இல் நடத்திய முதல் பந்தயத்தில் இருந்தவை ஆறு கட்டங்கள், 2,428 கிலோமீட்டர். கிளம்பிய 60 பேரில் 21 பேர்தான் கடைசிவரை வந்தார்கள். உயர்ந்த பிரனீஸ் மலைகள் 1910இல்தான் பாதையில் சேர்ந்தன. முன்னணியில் இருப்பவரை அடையாளம் காட்டும் மஞ்சள் ஜெர்சி 1919இல் வந்தது. அந்தப் பத்திரிகை அச்சான தாளின் நிறமும் மஞ்சள்தான். மலையேற்றத்தில் சிறந்தவருக்கான சிவப்புப் புள்ளி ஜெர்சியும், பாரிஸின் ஷாம்ஸ் எலிஸே சாலையில் பந்தயத்தை முடிக்கும் வழக்கமும் 1975இல் தொடங்கியவை. இன்று புனிதமாகப் பார்க்கப்படும் ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் துணிந்து புதிதாகச் சேர்த்திருக்கிறார்.

பெண்களின் உடம்பு மூன்று வாரம் தாங்குமா என்ற கேள்விக்கு எப்போதோ பதில் கிடைத்துவிட்டது. இத்தாலியின் ஜீரோ பந்தயத்தில் 1924இல் அல்போன்சினா ஸ்ட்ராடா ஆண்களோடு சேர்ந்து ஓட்டினார். பெருஜியா செல்லும் கட்டத்தில் மழையும் காற்றும் அடித்தன. சைக்கிளின் ஹேண்டில்பார் உடைந்தது; துடைப்பக் கட்டையை வைத்துக் கட்டி ஓட்டினார். நேர வரம்பைத் தாண்டியதால் தரவரிசையிலிருந்து நீக்கப்பட்டாலும், தொடர்ந்து ஓட்டி மிலான் வந்து சேர்ந்தார். அந்த ஆண்டு அதிகாரப்பூர்வமாகப் பந்தயத்தை முடித்த ஆண்கள் 30 பேர்தான்.

அறுபது ஆண்டுகள் கழித்து, 1984இல், பிரான்ஸிலேயே பெண்களுக்கு 18 கட்டங்கள் கொண்ட டூர் நடந்தது. அமெரிக்காவின் மரியான் மார்ட்டின் வென்றார். அவருக்குக் கிடைத்த பரிசு சுமார் 1,000 டாலர். அதே ஆண்டு ஆண்கள் பிரிவில் வென்ற ஃபினியோனுக்குக் கிடைத்தது ஏறத்தாழ நூறு மடங்கு. 1989க்குப் பிறகு அந்தப் பந்தயம் நின்றுபோனது. மரியான் வோஸ், எம்மா பூலி உள்ளிட்ட வீராங்கனைகள் 2013இல் கையெழுத்து இயக்கம் நடத்தினார்கள். அடுத்த ஆண்டு ஒருநாள் பந்தயம் ஒன்று கிடைத்தது. பல கட்டப் பந்தயம் திரும்ப 2022 ஆனது.

பெண்கள் அணிகளில் ஆளும் குறைவு, பணமும் குறைவு. ஒரே பாய்ச்சலில் 21 கட்டம் என்றால் சிறிய அணிகள் திணறும் என்கிறார்கள். இது உண்மையான கவலை. ஆனால் பந்தயம் சிறியதாகவே இருந்தால் தொலைக்காட்சி நேரம் குறையும், விளம்பரதாரர்கள் தயங்குவார்கள், அணிகளுக்கு வளர வழியிருக்காது. 2022இல் ஆண்கள் பட்டத்துக்கு 5 லட்சம் யூரோ, பெண்கள் பட்டத்துக்கு 50 ஆயிரம் யூரோ. இந்த நிலையில் அணிகள் முதலில் வளரட்டும் என்று காத்திருந்தால் காத்திருப்புதான் மிஞ்சும்.

பந்தயத்தை நடத்தும் அமோரி நிறுவனமும் சர்வதேச சைக்கிள் சங்கமும் ஒரு கால அட்டவணையை வெளியிட வேண்டும். முதலில் ஓய்வு நாட்களோடு இரண்டு வாரம், கூடவே பரிசுத்தொகை உயர்வு, சிறிய அணிகளுக்குப் பயணச் செலவில் உதவி. அதன் பிறகு மூன்று வாரம். எந்த ஆண்டுக்குள் எது நடக்கும் என்பதை இப்போதே அறிவித்தால், அணிகள் அதற்கேற்ப வீராங்கனைகளைச் சேர்க்கவும் பயிற்சியைத் திட்டமிடவும் முடியும்.