மட்டராசிக்குக் கிடைத்த நாற்காலி

2014-ல் சென்னையின் எஃப்சி அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக மார்கோ மட்டராசி வந்தார். (பெயரைக் கேட்டால் மதராசி மாதிரியே இருக்கிறது. ஆனால் ஆள் இத்தாலிக்காரர்.) அதற்கு முன் அவர் எந்த அணிக்கும் தலைமைப் பயிற்சியாளராக இருந்ததில்லை. இந்த ஒரு தகவலை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள் தோழர்களே. "முதலில் அனுபவம் வேண்டும், தகுதி வேண்டும், பிறகுதான் பதவி" என்று நம் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவர்கள் யாரும் அன்று அவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

அவர் சாதாரண ஆட்டக்காரர் அல்ல. தடுப்பாட்டக்காரர், நம் பையன்கள் மொழியில் ஸ்டாப்பர் பேக். இத்தாலியின் கீழ்மட்டப் போட்டிகளில் மர்சாலா, திரபானி போன்ற சிறிய அணிகளில் ஆடி, பெருஜியா, எவர்டன் வழியாக 2001-ல் இன்டர் மிலானுக்குப் போனவர். அங்கே பத்து ஆண்டுகள். 2006 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் ஃபிரான்ஸுக்கு எதிராகச் சமன் செய்த கோலை அடித்தவரும், பிறகு ஜிதானின் தலையால் நெஞ்சில் முட்டு வாங்கி விழுந்தவரும் அவர்தான். 2011-ல் ஓய்வு. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: அவருடைய தந்தை ஜூசெப்பே மட்டராசி லாசியோ உள்ளிட்ட அணிகளுக்குப் பயிற்சி கொடுத்தவர். பயிற்சியாளர் வீட்டில் பிறந்த பிள்ளை பயிற்சியாளர் ஆனார். நம் நாட்டில் இதற்குப் பெயர் இருக்கிறது. வெளிநாட்டில் நடந்தால் அதை 'கால்பந்துக் குடும்பம்' என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

வந்தவர் சோடை போகவில்லை, அதை மறைக்க வேண்டியதில்லை. முதல் ஆண்டில் ஆடிக்கொண்டே பயிற்சி கொடுத்தார். அணி அட்டவணையில் முதலிடம் பிடித்து, அரையிறுதியில் கேரளாவிடம் தோற்றது. 2015-ல் பாதி வழியில் கடைசி இடத்தில் கிடந்த அணி, அடுத்தடுத்து வென்று அரையிறுதிக்குப் போனது. அப்போதுதான் டிசம்பர் வெள்ளம். சென்னையில் நடக்க வேண்டிய அரையிறுதி ஆட்டத்தைப் புனேவுக்கு மாற்றினார்கள். (அந்த வெள்ளத்தின் சேற்றை அள்ள மாவட்டம் மாவட்டமாக யாரை லாரியில் ஏற்றிப் போனார்கள் என்பது நமக்குத் தெரியும். அது வேறு கதை, அல்லது இதே கதைதான்.) டிசம்பர் 20 அன்று கோவாவில் நடந்த இறுதிப் போட்டியில், கடைசி நிமிடங்களில் இரண்டு கோல் விழ, 3-2 என்று கோப்பை வந்தது. மூன்றாம் ஆண்டில் எட்டு அணிகளில் ஏழாவது இடம். 2017-ல் விடைபெற்றார்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான். முன் அனுபவம் இல்லாத ஒருவரை நம்பி நாற்காலியைக் கொடுத்தால், அவர் அதில் உட்கார்ந்துதான் கற்றுக்கொள்கிறார். தோற்கவும் அவருக்கு உரிமை உண்டு. ஏழாவது இடம் வந்ததற்காக "இத்தாலிக்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்கத் தெரியாது" என்று யாரும் எழுதவில்லை. நம்மில் ஒருவர் தோற்றால் மட்டும் தோல்வி ஒரு சமூகத்தின் தலையில் எழுதப்படுகிறது.

அந்த முதல் ஆண்டில் ஐஎஸ்எல் போட்டியில் எட்டு அணிகள். எட்டுக்கும் வெளிநாட்டுத் தலைமைப் பயிற்சியாளர்கள். சென்னையில் மட்டராசிக்குப் பிறகு கிரெகரி, காயில், லாஸ்லோ, பாண்டோவிச், பிரடாரிச், மறுபடியும் காயில். 2014 முதல் 2024 வரை நிரந்தரப் பொறுப்பில் ஒரு இந்தியர் இல்லை. நடுவில் 2022 பிப்ரவரியில் பாண்டோவிச்சை அனுப்பிவிட்டு, மீதமிருந்த ஆட்டங்களுக்கு சபீர் பாஷாவை இடைக்காலப் பொறுப்பில் வைத்தார்கள். பாஷா சென்னைக்காரர், இந்திய அணிக்கு ஆடியவர், அதே அணியில் ஆண்டுக்கணக்கில் உதவிப் பயிற்சியாளர். வீடு தீப்பிடித்தால் மட்டும் அழைக்கப்படும் ஆள். தீ அணைந்ததும் அடுத்த பருவத்துக்கு ஜெர்மனியிலிருந்து ஒருவர் வந்தார்.

ஒரு ஐஎஸ்எல் அணி ஒரு இந்தியரை முழுப்பொறுப்புள்ள தலைமைப் பயிற்சியாளராக அமர்த்த 2021 அக்டோபர் வரை ஆனது. அவர் காலித் ஜமீல். 2017-லேயே மிசோரத்தின் ஐசால் அணியை ஐ-லீக் சாம்பியன் ஆக்கிக் காட்டியவர். சாம்பியன் ஆக்கியவர் நான்கு ஆண்டுகள் காத்திருந்தார். ஒரு அணியையும் நடத்தாதவர் விமானம் ஏறி வந்தார். "தகுதி" என்ற சொல்லின் அகராதிப் பொருள் இதுதான்.

இந்த இடத்தில் சிலர் கைதட்டுவார்கள்: "ஆமாம், இந்தியருக்கு முன்னுரிமை வேண்டும்!" கொஞ்சம் பொறுங்கள். நான் சுதேசி பேசவில்லை. வெளிநாட்டவர் வரக்கூடாது என்பதும் என் வாதமல்ல. அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மையை நினைத்துப் பாருங்கள். மேலே இருப்பவனிடம் தனக்கு நியாயம் கேட்பவன், தனக்குக் கீழே நிற்பவனைத் திரும்பிப் பார்ப்பதில்லை. வெளிநாட்டவருக்குக் கீழே இந்தியர். இந்தியருக்குள் ஆங்கிலம் பேசுபவருக்குக் கீழே பேசாதவர். அவருக்கும் கீழே ஊர், ஊருக்கு வெளியே சேரி. "இந்தியப் பயிற்சியாளர்" என்று ஒரு நாற்காலி காலியானால், அது தானாக நம்மிடம் வந்து சேராது. இதில் நம் ஆட்கள் எத்தனை பேர் என்று எந்த அணியும் கணக்குக் காட்டியதில்லை. எண்ணாமல் இருப்பதும் ஒரு கொள்கைதான்.

ஆடுகளத்தில் நாம் இல்லாமல் இல்லை. வியாசர்பாடியைக் 'குட்டி பிரேசில்' என்று பத்திரிகைகள் கொண்டாடுகின்றன. நந்தகுமார் சேகர் போல நாட்டுக்கே ஆடியவர்கள் அந்தத் தெருக்களிலிருந்து வந்தார்கள். ஆடுபவன் பற்றி உருக்கமாக எழுதுவார்கள்: ஏழ்மை, வெறுங்கால், அம்மாவின் கண்ணீர். அவனுக்கு முப்பத்தைந்து வயதாகி முட்டி தேய்ந்த பிறகு எங்கே போனான் என்று எழுத யாரும் வரமாட்டார்கள்.

முதுகலையில் படித்ததில் எனக்கு இன்றும் பயன்படுவது இரண்டு ஆய்வுகள். 1963-ல் ஆஸ்கர் கிரஸ்கி அமெரிக்க பேஸ்பால் அணிகளை ஆராய்ந்து, மற்றவர்களோடு அதிகம் பேசி ஒருங்கிணைக்க வேண்டிய இடங்களில் ஆடுபவர்களிலிருந்தே மேலாளர்கள் வருகிறார்கள் என்று காட்டினார். 1970-ல் ஜான் லாயும் ஜோசப் மெக்கெல்வோகும் அடுத்த கேள்வியைக் கேட்டார்கள்: அந்த மைய இடங்களில் கறுப்பர்கள் எத்தனை பேர்? மிகக் குறைவு. ஓரங்களில்தான் அதிகம் நிறுத்தப்பட்டிருந்தார்கள். பயிற்சியாளர் ஆகும் வாசல் ஆடும்போதே அடைக்கப்பட்டுவிடுகிறது.

கால்பந்தில் ஸ்டாப்பர் அப்படிப்பட்ட மைய இடம். மொத்த மைதானமும் அவன் கண்முன்னே. "ஏறு", "விடாதே", "இடப்பக்கம் பார்" என்று ஆட்டம் முழுக்கக் கத்திக்கொண்டே இருப்பவன் அவன். தடுப்பாட்டக்காரர்கள் நல்ல பயிற்சியாளர் ஆவதில் வியப்பில்லை. 1970 ஆசியப் போட்டியில் வெண்கலம் வென்ற இந்திய அணியின் கேப்டன் சையத் நயீமுதீன் தடுப்பாட்டக்காரர்தான். பின்னாளில் நாட்டின் அணிக்கே பயிற்சியாளரானார். 1990-ல் துரோணாச்சார்யா விருது பெற்றார்.

விருதின் பெயரைக் கவனித்தீர்களா? காட்டுப் பிள்ளையின் கட்டை விரலைக் கேட்டு வாங்கியவர் பெயரில்தான் இந்த நாடு தன் சிறந்த பயிற்சியாளர்களைக் கௌரவிக்கிறது. இதை மாற்றக் கூடத் தோன்றாத மனம்தான் நம்மிடம் தகுதி பற்றிப் பேசுகிறது.

கறுப்பர் அனுபவமும் இதுதான். கிறிஸ் ஹியூட்டன் டாட்டன்ஹாமின் தடுப்பாட்டக்காரர். தந்தை கானா நாட்டவர், தாய் அயர்லாந்துக்காரர். 1993-ல் ஆட்டத்தை விட்டு, அதே டாட்டன்ஹாமில் 14 ஆண்டுகள் பயிற்சிக் குழுவில் இருந்தார். தலைமை நாற்காலியில் ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், இவர் பக்கத்திலேயே நின்றார். பிறகு நியூகாசில் அணியை 2009-10-ல் 102 புள்ளிகளோடு பிரீமியர் லீக்குக்கு உயர்த்தினார். அட்டவணையின் நடுவில் பத்திரமாக இருந்தபோதே, 2010 டிசம்பரில் வெளியே அனுப்பினார்கள். சொன்ன காரணம்: இன்னும் அனுபவமுள்ள ஒருவர் தேவை. இதே சொல்தான் மட்டராசிக்குத் தேவைப்படாமல் போனது.

நம் சொந்தக் கதை இதைவிடப் பழையது. பல்வங்கர் பாலு தீண்டப்படாத சாதியில் பிறந்த பந்துவீச்சாளர். 1911-ல் இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட் எடுத்தவர். பந்தை அவர் கையில் கொடுத்தார்கள், தேநீரைத் தனிக் குவளையில் கொடுத்தார்கள், தலைமையைக் கொடுக்கவில்லை. 1923-ல் தம்பி விட்டல்தான் இந்துக்கள் அணியின் கேப்டன் ஆக முடிந்தது.

எங்கள் திருமுக்கூடலிலிருந்து பேருந்தில் போய்வரும் தூரத்தில் உத்திரமேரூர். குடவோலைக் கல்வெட்டைக் காட்டி "ஜனநாயகத்தின் தொட்டில்" என்று டெல்லி வரை பேசுகிறார்கள். அந்தக் கல்லில் உள்ள தகுதிப் பட்டியலை யாரும் சத்தமாக வாசிப்பதில்லை: கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, 35 வயதுக்கு மேல் 70-க்குள், வேதம் கற்றிருக்க வேண்டும். அது சதுர்வேதிமங்கலத்துப் பிராமணர்களின் சபை. பட்டியல் துல்லியமானது, நேர்மையானது போலவும் இருக்கும். ஆனால் நிலமும் வேதமும் மறுக்கப்பட்டவனுக்கு அந்தக் குடத்தில் ஓலை கிடையாது.

இன்றைய பட்டியல் உரிமம். டி, சி, பி, ஏ, புரோ என்று படிகள். படிக்குப் படி கட்டணம் ஏறும். வகுப்புக்கு வேலையை விட்டுப் போக வேண்டும், கூலிக்குப் போகிறவனுக்கு அந்த நாட்களின் சம்பளம் போச்சு. மேலே போகப் போக ஆங்கிலம். உரிமமே வேண்டாம் என்று சொல்லவில்லை. பிள்ளைகளின் முட்டியும் தலையும் பயிற்சியாளர் கையில் இருக்கிறது, படித்துத்தான் வர வேண்டும். அந்தப் படிப்பைத் தமிழில் கொடு, கட்டணத்தை ஆதிதிராவிடர் நலத்துறை கட்டட்டும், வகுப்பு நாட்களுக்குப் படி கொடு என்கிறேன்.

பாலாற்று மணலில் ஆடும் எங்கள் காலனிப் பையன்கள் சென்ற ஆண்டு ஒரு போட்டிக்குப் பெயர் கொடுக்கப் போனார்கள். படிவத்தில் 'கோச் பெயர், உரிம எண்' என்று ஒரு கட்டம். "யார் பேரு எழுதறது அக்கா?" என்று கேட்டார்கள். அணியை மூன்று வருடமாக நடத்துவது அவர்களுடைய ஸ்டாப்பர்தான். பகலில் செங்கல் சூளை, சாயங்காலம் பயிற்சி. அவன் பெயரையே எழுதினோம். உரிம எண் இல்லை என்று படிவம் திரும்பி வந்தது. ஊர்ப் பள்ளியின் அணி, ஒரு நாள்கூடப் பந்தைத் தொடாத ஒரு ஆசிரியரின் பெயரோடு ஆடியது. அவருக்கு எண் இருந்தது.

"தனியார் அணி, அவர்கள் பணம், அவர்கள் விருப்பம்" என்பவர்களுக்கு ஒரு கேள்வி. சென்னையின் எஃப்சி ஆடும் ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கம் யாருடையது? தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துடையது. நம் வரிப்பணம். பொது அரங்கைக் கொடுக்கும்போது, ஆண்டுதோறும் இத்தனை உள்ளூர் ஆட்டக்காரர்களை, அதில் இத்தனை பட்டியல் சாதி, பழங்குடியினரைப் பயிற்சியாளர்களாக உருவாக்க வேண்டும் என்று நிபந்தனை போட அரசுக்கு அதிகாரம் உண்டு. அமெரிக்கக் கால்பந்து லீக்கிலேயே 2003-ல் ஒரு விதி வந்தது: தலைமைப் பயிற்சியாளர் பணிக்குச் சிறுபான்மையினர் ஒருவரையாவது நேர்காணல் செய்யாமல் யாரையும் எடுக்கக் கூடாது. அது போதாது, ஆனால் அதுகூட இங்கே இல்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஆணையத்துக்கு ஒரு மனு தயார் செய்திருக்கிறோம். மூன்று கேள்விகள். காஞ்சிபுரம் மாவட்டத்தில் அரசின் கால்பந்துப் பயிற்றுநர் பணியிடங்கள் எத்தனை, நிரப்பியவை எத்தனை? அவற்றில் பட்டியல் சாதி, பழங்குடியினர் எத்தனை பேர்? அரங்கை வாடகைக்கு விடும் ஒப்பந்தத்தில் உள்ளூர்ப் பயிற்சியாளர் உருவாக்கம் பற்றி ஏதாவது நிபந்தனை உண்டா? பத்து ரூபாய் கட்டணம். மாவட்டத்தின் பெயரை மட்டும் மாற்றி நீங்களும் போடலாம். நகல் வேண்டுவோர் கேளுங்கள், அனுப்புகிறேன்.