தராசு எதை அளக்கிறது?

மாணவ நண்பர்களே! அளவு கருவியைக் கையில் எடுக்கும் முன் 'எதை அளக்கப் போகிறோம்?' என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஆய்வுக்கூடத்தில் நீங்கள் கற்கும் முதற்பாடம் இது. அதை மறந்தால் சோதனை தவறும். நாலைந்து மதிப்பெண் குறையும். ஆனால் இதே கேள்வியைக் கேட்காததால் உயிர்கள் வீணாகும் இடமும் உண்டு. அது நடுக்கடலில் நடக்கும் ஒரு விளையாட்டு. நீல மார்லின் என்னும் மீனைத் தூண்டிலால் பிடிக்கும் விளையாட்டு.

நீல மார்லின் வெப்பக் கடல்களில் வாழும் மிகப் பெரிய மீன்களுள் ஒன்று. அதன் மேல் தாடை ஈட்டி போல் நீண்டிருக்கும். நம் மீனவர்கள் 'மயில் மீன்' என்று அழைக்கிறார்களே, அதற்கு இது நெருங்கிய உறவு. ஹவாய்த் தீவின் கோனா கடற்கரையில் 1982ஆம் ஆண்டு பிடிபட்ட ஒரு மார்லின் 624 கிலோகிராம் இருந்தது. பிரேசில் நாட்டின் விட்டோரியாவுக்கு அப்பால் 1992இல் பிடிபட்டது 636 கிலோகிராம். நம் ஊர் எருமை மாடு ஒன்றின் எடை என்று வைத்துக்கொள்ளுங்கள்!

இதைப் பிடிக்க நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து, வலிமையான எஞ்சின் பொருத்திய படகில் கரையிலிருந்து வெகுதூரம் செல்வார்கள். ஒருவர் படகைச் செலுத்துவார். ஒருவர் தூண்டிற்கழியுடன் நாற்காலியில் அமர்ந்திருப்பார். மீன் அருகே வந்ததும் நுனிக் கயிற்றைக் கையால் பற்ற ஒருவர் தயாராக நிற்பார். மீன் கவ்விய பின் கழியை வேறு யாரும் தொடக் கூடாது. 1939இல் தொடங்கப்பெற்ற பன்னாட்டு விளையாட்டு மீன்பிடிப்புச் சங்கத்தின் விதி இது.

இந்த விளையாட்டில் இயற்பியல் நிறைய உண்டு. அதை முதலில் பார்ப்போம். தீர்ப்பைப் பிறகு சொல்கிறேன்.

ரீலுக்குள் ஒரு பாடம்

60 கிலோகிராம் எடை தாங்கும் நரம்பால் 300 கிலோகிராம் மீனை எப்படிப் பிடிக்க முடியும்? நரம்பைச் சுற்றி வைத்திருக்கும் ரீலில் ஒரு பிரேக் இருக்கிறது. நரம்பு அறுபடும் அளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இழுவிசைக்கு, அதாவது சுமார் 200 நியூட்டனுக்கு, அதை முடுக்கி வைப்பார்கள். மீன் அதற்கு மேல் இழுத்தால் நரம்பு அறுவதில்லை. ரீல் சுழன்று நரம்பை விட்டுக் கொடுக்கிறது.

மீன் ஒரே ஓட்டமாக 400 மீட்டர் ஓடுகிறது என்று கொள்வோம். 200 நியூட்டனை 400 மீட்டரால் பெருக்குங்கள். செய்யப்பட்ட வேலை 80,000 ஜூல். ஒரு லிட்டர் தண்ணீரின் வெப்பநிலையை 19 டிகிரி உயர்த்தப் போதுமான ஆற்றல் இது. அது எங்கே போயிற்று? பிரேக் தகடுகளில் வெப்பமாக மாறிவிட்டது. பிரேக் இல்லாத பழைய நாள்களில் தோல் பட்டையைக் கட்டைவிரலால் ரீல்மீது அழுத்துவார்களாம். அந்த விரல் என்ன பாடுபட்டிருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இன்னொன்றும் உண்டு. பிரேக் தரும் திருப்புத்திறன் மாறாதது. ஆனால் நரம்பு வெளியேற வெளியேறச் சுருளின் ஆரம் குறைகிறது. ஆரம் 6 சென்டிமீட்டரிலிருந்து 3 சென்டிமீட்டராகக் குறைந்தால் இழுவிசை இரு மடங்காகி 400 நியூட்டன் ஆகிவிடும். நீரில் வளைந்து கிடக்கும் நீண்ட நரம்பை இழுக்கும்போது நீரின் தடையும் இதனுடன் சேரும். எனவே மீன் தூரம் போகப் போக, அனுபவசாலி பிரேக்கைத் தளர்த்துவார். இறுக்குபவரின் நரம்பு அறுந்து போகும். திருப்புத்திறன் என்பது தேர்வுக்கு மட்டுமான சொல் அன்று என்பது இதிலிருந்து விளங்கும்.

வேகம் என்னும் கதை

தவறான அளவீடு எவ்வளவு காலம் உயிர் வாழும் என்பதற்கும் இந்த விளையாட்டே சான்று. மயில் மீன் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் நீந்தும் என்று பல புத்தகங்களில் படித்திருப்பீர்கள். இந்த எண் எப்படி வந்தது? பல்லாண்டுகளுக்கு முன் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், தூண்டிலில் மாட்டிய மயில் மீன் 91 மீட்டர் நரம்பை 3 வினாடியில் இழுத்துச் சென்றதாகக் குறித்தார்கள். அவ்வளவுதான்! கைக் கடிகாரத்தில் ஒரு வினாடி பிசகினால் விடை 110இலிருந்து 82க்கு இறங்கிவிடும். படகு நகர்ந்ததா, ரீல் தன் வேகத்திலேயே சுழன்றதா என்ற கேள்விகளும் உண்டு.

தசை சுருங்கும் நேரத்தைக் கொண்டு 2016இல் வெளியான ஓர் ஆய்வு, மயில் மீனின் உச்ச வேகம் வினாடிக்கு 8 மீட்டர் அளவில், அதாவது மணிக்கு சுமார் 30 கிலோமீட்டர் என்று கணித்தது. நீரில் ஓர் உடலைத் தள்ளத் தேவைப்படும் திறன், வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது. வினாடிக்கு 8 மீட்டரிலிருந்து 30 மீட்டருக்குப் போக ஏறக்குறைய 50 மடங்கு திறன் வேண்டும். இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்திருந்தால் பழைய எண்ணின்மீது அப்போதே ஐயம் எழுந்திருக்கும்.

எடை சொல்வது என்ன?

இனி என் வழக்குக்கு வருகிறேன். மார்லின் போட்டிகள் பலவற்றில் பெரும் பரிசு, கரையில் தொங்கும் தராசைக் கொண்டே தீர்மானிக்கப்படுகிறது. வாலில் கயிற்றைக் கட்டித் தலைகீழாக மீனைத் தொங்கவிட்டு எடை பார்க்கிறார்கள். இறந்த மீனைத்தான் இப்படி நிறுக்க முடியும்.

அமெரிக்காவின் வட கரோலைனாவில் 'பிக் ராக்' என்ற போட்டி 1957 முதல் நடந்து வருகிறது. 2023இல் ஒரு படகினர் பல மணி நேரம் போராடி 619.4 பவுண்டு, அதாவது சுமார் 281 கிலோகிராம் மார்லினைக் கொண்டு வந்தனர். ஆனால் அதன் உடலில் சுறா கடித்த காயம் இருந்தது. காயம்பட்ட மீன் முழு வலிமையுடன் போராடியிருக்காது என்பதால் விதிப்படி அது தள்ளுபடி ஆயிற்று. ஏறத்தாழ 35 லட்சம் டாலர் பரிசு கைநழுவியது. 484.5 பவுண்டு மீனைக் கொண்டு வந்தவர்கள் வென்றார்கள்.

விதி சரியா தவறா என்று உலகெங்கும் வாதிட்டார்கள். நான் கேட்பது வேறு. அந்தத் தராசு எதை அளந்தது? மீனவரின் திறமையையா? 281 கிலோகிராம் என்பது அந்த மீன் எத்தனை ஆண்டு வாழ்ந்தது, எவ்வளவு தின்றது என்பதற்கான அளவு. தூண்டிலைக் கவ்வ வந்தது பெரிய மீனா சிறிய மீனா என்பது பெரும்பாலும் வாய்ப்பைப் பொறுத்தது. ஓட்டப்பந்தயத்தில் யார் காலணி பெரியது என்று பார்த்துப் பரிசு கொடுப்போமா?

அது மட்டுமன்று. நீல மார்லினில் ஆண் மீன் 160 கிலோகிராமைத் தாண்டுவது அரிது. மிகப் பெரியவை எல்லாம் பெண் மீன்களே. லட்சக்கணக்கில் முட்டையிடும் தாய் மீன்கள் அவை. எனவே எடைக்குப் பரிசு வைக்கும் போட்டி, தான் அறியாமலே தாய் மீனுக்கு விலை வைக்கிறது. அட்லாண்டிக் கடலில் நீல மார்லினின் தொகை அளவுக்கு மீறிக் குறைந்திருக்கிறது என்று, அக்கடலின் சூரை மீன் வளத்தைக் கண்காணிக்கும் பன்னாட்டு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு மதிப்பீடு கூறியது. ஆகவே இது வெறும் அழகியல் வாதம் அன்று.

எதிர்வாதங்கள்

"மார்லின்களை அதிகம் கொல்வது சூரை மீனுக்காகப் பல கிலோமீட்டர் நீளத்துக்கு விரிக்கும் ஆயிரங்கால் தூண்டில்கள்தாமே? விளையாட்டுக்காரரை ஏன் குறை சொல்கிறீர்கள்?" என்று கேட்பார்கள். உண்மைதான், பெரும்பங்கு அங்கேதான். ஆனால் அந்த மீனவர் உணவுக்காகவும் பிழைப்புக்காகவும் கடலுக்குப் போகிறார். மார்லின் அவருக்குத் தற்செயலாக மாட்டுவது. தேடிப் போய் ஒன்றைக் கொல்பவருக்கு அதைவிட அதிகப் பொறுப்பு உண்டு. வீட்டில் பெரிய ஓட்டை இருக்கிறது என்பதற்காகச் சிறிய ஓட்டையை அடைக்காமல் விடுவோமா?

"பிடித்துவிட்டு விட்டுவிடுகிறோமே!" என்பது அடுத்த வாதம். இதை நான் மதிக்கிறேன். 'பிக் ராக்' போட்டியிலும் பிடிபடுபவற்றில் பெரும்பாலானவை திரும்ப விடப்படுகின்றன. ஆனால் விடப்பட்டது எல்லாம் பிழைத்தது ஆகாது. வெள்ளை மார்லின்கள் சுமார் 40இல் செயற்கைக்கோள் பட்டை பொருத்தி ஆராய்ந்தார்கள். 2005இல் வெளியான முடிவு இது: ஜே எழுத்து வடிவ முள்ளில் மாட்டியவற்றுள் 65 விழுக்காடே பிழைத்தன. வட்ட முள்ளில் மாட்டியவை அனைத்தும் பிழைத்தன!

காரணம் வடிவந்தான். வட்ட முள்ளின் நுனி உட்பக்கம் திரும்பியிருக்கிறது. மீன் விழுங்கினாலும் தொண்டையில் குத்தாமல் வழுக்கி வந்து வாயின் ஓரத்தில் மாட்டுகிறது. பசிபிக் தீவு மக்கள் எலும்பிலும் சிப்பியிலும் இவ்வடிவ முட்களைப் பன்னெடுங்காலம் முன்பே செய்திருந்தார்கள். அமெரிக்காவின் அட்லாண்டிக் போட்டிகளில் இயற்கை இரை வைத்து மார்லின் வகைகளைப் பிடிப்பவர்கள் வட்ட முள்ளையே பயன்படுத்த வேண்டும் என்பது 2008 முதல் சட்டம்.

"மெல்லிய நரம்பால் பிடிப்பதே நியாயமான போட்டி" என்பவர்களும் உண்டு. நரம்பு மெலிந்தால் இழுவிசை குறையும், போராட்டம் நீளும். மீன் செலவிடும் ஆற்றல் திறனையும் நேரத்தையும் பெருக்கினால் வருவது. நேரம் கூடக் கூட அது சோர்ந்து சாவை நெருங்குகிறது. மனிதருக்குப் பெருமை, மீனுக்குத் தண்டனை. வலிமையான நரம்பும் குறுகிய போராட்டமுமே இரக்கமுள்ள வழி.

கடைசியாக, புகைப்படம். நீரில் மீனின் எடையை மிதப்பு விசை ஏறத்தாழ முழுதுமாகத் தாங்குகிறது. 281 கிலோகிராம் மீனை வெளியே தூக்கினால் சுமார் 2,750 நியூட்டன் விசை திடீரென அதன் உடல்மீது வந்து விழுகிறது. செவுள் இழைகளும் காற்றில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, மூச்சு நின்றுவிடும். மேலும் மார்லின் முன்னோக்கி நீந்தினால்தான் செவுளுக்கு நீர் கிடைக்கும். அதனால்தான் அறிந்தவர்கள் மீனை நீரிலேயே பிடித்தபடி படகை மெல்லச் செலுத்தி, அது தெளிந்ததும் விடுகிறார்கள்.

தராசுக்கு மாற்று

எடை தெரிந்தே ஆக வேண்டுமா? அதற்கும் கணக்கு இருக்கிறது. நீளத்தையும், சுற்றளவின் இருமடியையும் சென்டிமீட்டரில் பெருக்கி 29,000ஆல் வகுத்தால் எடை கிலோகிராமில் தோராயமாகக் கிடைக்கும். நீளம் 300, சுற்றளவு 150 என்றால் சுமார் 233 கிலோகிராம். ஏன் 29,000? மீனை நேரான உருளையாகக் கொண்டால் அந்த எண் ஏறத்தாழ 12,570 ஆக வரும். கூம்பாகக் கொண்டால் அதன் மூன்று மடங்கு, 37,700. மீன் இரண்டுக்கும் இடைப்பட்ட வடிவம். நீங்களே காகிதத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

துள்ளும் மீனில் சுற்றளவு 2 விழுக்காடு தவறினால் விடை 4 விழுக்காடு தவறும் என்பது உண்மை. லட்சக்கணக்கான டாலர் பரிசை இதைக் கொண்டு பிரிக்க முடியாது. அதனால்தான் எடைக்குப் பரிசே வேண்டாம் என்கிறேன். எத்தனை மீன்களை, எவ்வளவு குறைந்த நேரத்தில், நீரைவிட்டுத் தூக்காமல் விடுவித்தார்கள் என்பதற்குப் பரிசு கொடுங்கள். அதுவே திறமையின் அளவு. சாட்சிக்கு ஒளிப்படக் கருவி போதும்.

விடும் முன் ஓர் அடையாளப் பட்டையும் பொருத்தலாம். அமெரிக்காவில் 1954இல் தொடங்கிய பட்டைத் திட்டத்தில் விளையாட்டு மீனவர்கள் பங்கேற்று வருகிறார்கள். டெலவேர் மாநிலத்துக்கு அப்பால் பட்டை பொருத்தி விடப்பட்ட ஒரு நீல மார்லின், சுமார் 3 ஆண்டுகள் கழித்து நம் இந்தியப் பெருங்கடலில் உள்ள மொரீஷியஸ் அருகே கிடைத்தது. இடைத்தூரம் ஏறத்தாழ 14,900 கிலோமீட்டர்! அட்லாண்டிக் மார்லின் ஆப்பிரிக்காவைச் சுற்றி இங்கே வரும் என்பதை எந்தத் தராசு நமக்குச் சொல்லியிருக்கும்? அன்று அதைக் கொன்று நிறுத்திருந்தால் ஓர் எண் கிடைத்திருக்கும். உயிரோடு விட்டதால் அறிவு கிடைத்தது.

நண்பர்களோடு கடலுக்குப் போவதும், வலிமை மிக்க ஓர் உயிரின் எதிரில் தன் கையின் உறுதியைச் சோதிப்பதும் தவறென்று நான் சொல்லவில்லை. உண்பதற்காகப் பிடிப்பதையும் பழிக்கவில்லை. ஓர் எண்ணுக்காகக் கொல்வதைத்தான் வேண்டாம் என்கிறேன். மாணவ நண்பர்களே, நாளை நீங்கள் எந்தத் துறைக்குப் போனாலும் யாராவது ஒரு தராசை உங்கள் முன் வைப்பார்கள். நிறுக்கும் முன் ஒரு நொடி நில்லுங்கள். இது எதை அளக்கிறது, அந்த அளவுக்காக யார் விலை கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். விடை சரியில்லை என்றால் தராசை மாற்றச் சொல்லுங்கள்.