காட்சியும் குறிப்பும்

நிலவுலகின் தோற்றத்தை ஆராயும்பொருட்டுச் செயற்கைக் கோள்கள் பல விண்ணில் சுற்றி வருகின்றன. ஒரு கோள் ஏவப்படும் நாளில் அதனை வியந்து நோக்குவார் பலர். அஃது அனுப்பும் செய்திகளை ஒழுங்குபடுத்திக் காப்போரை நினைப்பார் சிலரே. காண்பது அரிது, கண்டதைப் பின்னோர்க்குப் பயன்படுமாறு காப்பதோ அதனினும் அரிது.

அமெரிக்க நாட்டினர் 1964ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் நிம்பஸ் என்னும் கோளை ஏவினர். அது முழுமையாக ஒரு திங்கள்கூட உழைக்கவில்லை. எனினும், அச்சிறு காலத்தில் தென்முனைக் கடலின் பனிப்பரப்பைப் படம் பிடித்தது. அப்படங்கள் பிலிம் சுருள்களில் நெடுங்காலம் உறங்கிக் கிடந்தன. கொலராடோப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பனியாய்வு மையத்தார் பின்னாளில் அவற்றைத் தேடியெடுத்தனர். ஒவ்வொரு படமும் எவ்விடத்தைக் காட்டுகின்றது என ஆய்ந்து, கணிப்பொறிக்கு ஏற்ற கோப்புகளாக்கினர். 1964 செப்டம்பரில் அப்பனி ஏறத்தாழ 197 இலட்சம் சதுர கிலோமீட்டர் பரவியிருந்தது என்னும் உண்மை 2013இல் வெளிவந்தது. கடற்பனியின் இடையறாத கோள்வழிக் கணக்கு 1978இன் இறுதியிலேயே தொடங்குகின்றது. ஆதலின், அதற்கு முற்பட்ட இச்செய்தியின் அருமை சொல்லாமலே விளங்கும்.

இக்காலத்துக் கோள்கள் அனுப்புவன எண்களின் நீண்ட வரிசைகளேயாம். ஓர் எண் வெப்பத்தைக் குறிப்பதா, ஒளியைக் குறிப்பதா? அஃது எவ்விடத்தது, எந்நாளுக்கு உரியது, எந்த அளவால் அளந்தது? இக்குறிப்புகள் இல்லையேல் அது வெற்றெண்ணே. எண்களையும் அவற்றின் குறிப்புகளையும் ஒரே கோப்பில் பிணைத்து வைக்கும் முறைகளுள் ஒன்று எச்.டி.எப். என்பது. அஃது இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தில் தோன்றியது. 1999இல் ஏவப்பட்ட டெர்ரா என்னும் கோளின் செய்திகள் இம்முறையில் தொகுக்கப்பட்டன.

ஒவ்வொரு நிறுவனமும் தனக்கு ஏற்றதொரு கோப்பு முறையை வகுத்துக்கொள்வதில் குற்றம் என்னை எனச் சிலர் வினவுவர். முறையை வகுத்தல் குற்றமன்று. அதனை மறைத்தலே குற்றம். மறைவான முறையில் அமைந்த கோப்பு, திறவுகோல் ஒருவரிடமே உள்ள பேழையை ஒக்கும். அவர் தொழிலைக் கைவிட்டால் பேழை இருந்தும் பொருள் இல்லை. இவ்விடர் நீங்க வேண்டுமாயின் முறை வெளிப்படையாதல் வேண்டும். அதனைப் படிக்கும் மென்பொருளும் பொதுவாதல் வேண்டும். பிராங்கு வார்மர்டாம் என்பார் 1998இல் தொடங்கிய ஜி.டி.ஏ.எல். என்னும் மென்பொருள் இதற்குத் தக்க சான்று. அது பல்வகை நிலப்படக் கோப்புகளையும் படிக்க வல்லது. அதன் ஆக்கமுறை யாவருக்கும் திறந்து வைக்கப்பட்டுள்ளது. வல்லார் எவரும் அதனை ஆராய்ந்து திருத்தலாம்.

பழுதடைந்த கோளுக்கு மாற்றாக வேறொன்றை ஏவலாம். சென்ற ஆண்டின் பனியையோ வெள்ளத்தையோ மீண்டும் படம் பிடித்தல் ஒருவர்க்கும் ஒல்லாது. ஆய்வுக்கூடத்தில் அளந்ததை நாளும் அலகும் இட்டு எழுதிவைக்கும் மாணவர், சிறிய அளவில் இந்நற்பணியையே செய்கின்றனர். குறிப்போடு கூடிய காட்சியே அறிவாகும். குறிப்பிழந்த காட்சி கண்ணிருந்தும் காணாமையே ஆகும்.