பிள்ளைகள் மேல் பழி போடாதீர்கள்

காஞ்சிபுரம் பட்டு நெசவைப் பற்றிப் பேச்சு எழுந்தாலே ஒரு தீர்ப்பு தயாராக இருக்கிறது: "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தறியில் உட்காரப் பொறுமை இல்லை. அதனால்தான் தொழில் அழிகிறது." இதை நான் ஏற்கவில்லை.

பொறுமை இல்லை என்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் தொழிற்சாலைகளில் ஷிப்ட் முழுக்க நின்று வேலை பார்ப்பவர்களில் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. அங்கே மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படியோ, நாட்டின் நெசவாளர் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்கூட ஈட்டவில்லை. காஞ்சிபுரத்துக் கூலி அதைவிட மேல் என்றே வைத்துக்கொண்டாலும், தறியில் ஏற்ற வேண்டிய நீளவாட்டு இழையான பாவு வராமல் வேலை நிற்கும் வாரங்களுக்கு யார் கூலி தருகிறார்கள்?

அடுத்து, சிறு வயதிலேயே தொடங்காவிட்டால் கை படியாது, பள்ளிக்கூடம்தான் கெடுத்தது என்கிறார்கள். உடலையும் கரையையும் தனித்தனி நாடாக்களால் நெய்து கோர்க்கும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா: உடலுக்கு ஒன்று, கரைகளுக்கு இரண்டு. நெய்பவருக்குப் பக்கத்தில் கரை நாடாவைத் தள்ள இன்னோர் ஆள் வேண்டும். அந்த இடத்தில்தான் பிள்ளைகளை உட்கார வைத்தார்கள். முன்பணக் கடனுக்காக அடுத்தவர் தறிக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளும் இருந்தார்கள். பெரியவருக்குத் தரவேண்டிய கூலியை மிச்சப்படுத்திய வழக்கம் அது; அதற்குப் பயிற்சி என்று பெயர் சூட்டுவது அநியாயம்.

மூத்தவர்கள் வித்தையை ஒளித்துவைக்கிறார்கள் என்ற பேச்சுதான் என்னை அதிகம் வருத்துகிறது. நெசவுக் கூலி சேலைக்கு இவ்வளவு என்ற கணக்கு. புதியவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் வேகம் பாதியாகும். வேறு நிற முந்தியைச் சேலையோடு இணைக்கும் பேட்னியைப் போடும்போது ஆயிரக்கணக்கான பாவு இழைகளோடு புது நிற இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டும். அதில் பழகாத கை தவறினாலோ, கோர்வை இழுபட்டுக் கரை சுருங்கினாலோ, நட்டம் நெய்தவரின் கூலியில் பிடித்தமாகும். ஆக, கற்றுக்கொடுப்பவர் தன் கைக்காசைப் போட்டுக் கற்றுக்கொடுக்கிறார். இத்தனைக்குப் பிறகும் மகளுக்கும் மருமகளுக்கும் சொல்லித்தரும் பெரியவர்கள் இருக்கிறார்கள். வாரிசு என்றால் மகன் என்றே பேசுபவர்களின் கண்ணில் அந்தப் பெண்கள் படுவதில்லை.

புவிசார் குறியீடு கிடைத்துவிட்டதே என்பார்கள். அது சேலையின் பெயரைக் காக்கிறது. நெய்பவரின் கூலியைப் பற்றி அதில் ஒன்றுமில்லை.

கற்றுக்கொடுக்கும் மாதங்களுக்கு மூத்தவருக்குத் தனிக்கூலி, கற்பவருக்கு உதவித்தொகை, பழுதான சேலையின் நட்டத்தை நெசவாளர் கூட்டுறவுச் சங்கமே ஏற்பது. இந்த மூன்றையும் சங்கங்கள் செய்யட்டும், அரசு அதற்குப் பணம் ஒதுக்கட்டும். அதற்குப் பிறகும் தறி காலியாகக் கிடந்தால் பிள்ளைகளைக் கேட்கலாம்.